எல்லா இடத்திலும் ஆடும் பையனை இந்த ஆண்டு எங்கே நிறுத்தலாம்?

திடலோரக் கடை எழுதியது:

நம் டவுன் அணிக்கு இந்த ஆண்டு வந்திருக்கும் புதுப் பையனைப் பற்றிக் கேட்கிறேன். பெயரைப் போட மாட்டேன். 18 வயதுப் பிள்ளை, ஊர்க்கண் பொல்லாதது. செம்பனைக் குலை லாரி ஓட்டுபவரின் மூத்த மகன் என்றால் நம் பகா டவுனில் பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். மீதிப் பேர் சனிக்கிழமை திடலுக்கு வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் திடலின் மேற்கு ஓரத்தில் கடை போடுகிறவள். நாசி லெமாக், பருப்பு வடை, தே. காற்பந்தைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்க நினைப்பவர்கள் இப்போதே கேட்டுவிடலாம். உதைப்பவன் காலைத் தூக்கும்போதே, பந்து என் எண்ணெய்ச் சட்டிக்கு எவ்வளவு தூரம் தள்ளி விழும் என்று சொல்லிவிடுவேன். அந்த அளவுக்குத் தெரியும்.

பயிற்சி ஆட்டங்களில் பார்த்ததைச் சொல்கிறேன். ரொம்பின் அணியுடன் ஆடியபோது பையன் வலப்புறத் தற்காப்பில் தொடங்கினான். இடைவேளைக்குப் பிறகு நம் கேப்டனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, இவனை மத்தியத் திடலுக்குத் தள்ளினார்கள். கடைசியில் இடது ஓரத்துக்குப் போனான். அங்கிருந்து இடது காலாலேயே ஒரு பந்தை வளைத்துப் போட்டான் பாருங்கள்! நம் 9-ஆம் எண் ஆட்டக்காரர் தலையை அசைக்காமல் வைத்திருந்தாலே கோல். அவர் குனிந்துகொண்டார். அதைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுதுகிறேன்.

அடுத்து குவாலா பிலா அணி வந்தது. நம் கோல் காவலருக்கு ஆலையில் வேலை முடியவில்லை. யாரும் கேட்கவில்லை, பையன் தானாகவே கையுறையை மாட்டிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றான். இரண்டு பந்துகளைத் தடுத்தான், ஒன்றை விட்டான். திடலே கைதட்டியது. "ஒரே ஆளில் நான்கு ஆட்டக்காரர், பயிற்றுநர் இனி நிம்மதியாகத் தூங்கலாம்" என்று செயற்குழுவைச் சேர்ந்த ஒருவர் என் கடையில் தே குடித்துக்கொண்டே சொன்னார்.

எனக்குப் பயம் பிடித்தது அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான். சில ஆண்டுகளுக்கு முன்பு நம் அணியில் இப்படியே ஒரு பையன் இருந்தான், சிலருக்கு நினைவிருக்கும். எங்கே ஓட்டை விழுந்தாலும் அவனை வைத்து அடைத்தார்கள். எல்லோரும் வந்துவிட்ட நாளில் அவனுக்கு பெஞ்சுதான். கறிவேப்பிலைக்கு நடப்பது அவனுக்கு நடந்தது. ஒருநாள் வராமல் நின்றுவிட்டான். இப்போது ஜொகூரில் வேலை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் என் கடையில் வடை வாங்குவான். ஆட்டம் நடந்துகொண்டிருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

இந்தப் பையனிடம் ஊர் எதிர்பார்ப்பது கொஞ்சநஞ்சமல்ல. எஸ். குணாளன் நம் மாநிலமான நெகிரி செம்பிலானின் சட்டையில் ஓரத்தில் பறந்ததைப் பார்த்தவர்கள் நாம். 2009-இல் கிளந்தானை 3-1 என்று வீழ்த்தி நெகிரி மலேசியக் கிண்ணத்தை எடுத்தது. அதற்கு முன்பு எடுத்தது 1948-இல். இறுதி ஆட்டம் நடந்த புக்கிட் ஜாலிலிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஒருவருக்கும் தொண்டையில் குரல் இல்லை. அந்த வரிசையில் அடுத்தவன் இவன்தான், மாநில அணியின் பாரோய் அரங்கில் இவனைப் பார்ப்போம் என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேசட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் மாநில அணித் தெரிவுக்குப் போகிற பிள்ளையிடம் முதலில் "நீ எங்கே ஆடுகிறாய்?" என்றுதானே கேட்பார்கள்? "எங்கே வேண்டுமானாலும்" என்று சொன்னால் எந்த வரிசையில் போய் நிற்கச் சொல்வார்கள்?

ஆகவே கேட்கிறேன். இந்த ஆண்டு முழுவதும் இவனுக்கென்று ஓர் இடத்தைக் கொடுத்து விட்டுவிட வேண்டுமா, அல்லது இப்படியே ஓடட்டுமா? கொடுப்பதென்றால் எந்த இடம்? ஆடியவர்களும் பயிற்சி கொடுப்பவர்களும் சொல்லுங்கள். "திறமை இருப்பவன் எங்கே வைத்தாலும் பிழைத்துக்கொள்வான்" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை என் வீட்டுக்காரரே தினமும் சொல்கிறார்.


இடதுகால் எழுதியது:

தங்கச்சி, உன் பயம் நியாயமானது. ஆனாலும் பையனை ஓடவிடு என்பதுதான் என் கட்சி.

நாங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆடிய காலத்தில் இடம் என்று யாருக்கு என்ன இருந்தது? பால் எடுக்க மரம் வெட்டி, அந்தப் பாலை நிறுத்துக் கொடுத்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஐந்து மணிக்குத் திடலில் கூடுவோம். விடியற்காலையில் மழை பெய்தால் வெட்டு இல்லை. அன்றைக்குக் காலையிலிருந்தே பந்துதான், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டினாலும் சரி. வந்தவர்களை வைத்துத்தான் அணி. கோயில் திருவிழாவுக்கு நடக்கும் எழுவர் ஆட்டத்தில் தற்காப்பாவது தாக்குதலாவது! பந்து இருக்கும் இடத்தில் நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான். இடதுகால்காரன் என்பதால் நான் இடப்புறத் தற்காப்பில் நின்றேன். ஆனால் தோட்டத்து எழுத்தர் கிராணியின் மகன் விடுமுறைக்கு வந்தால் அந்த இடம் அவனுக்கு. நான் மூச்சுக் காட்டாமல் முன்னால் போய்விட வேண்டும். அப்படிப் போன ஆட்டம் ஒன்றில்தான் எனக்கு முதல் கோல் கிடைத்தது. கிராணிக்கு இன்றைக்கும் நன்றி.

பிறகு ரப்பரைச் சாய்த்துச் செம்பனை வந்தது. தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்கள் டவுனுக்கு வந்து சேர்ந்தார்கள், திடல் இருந்த இடத்திலும் கன்று நட்டுவிட்டார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் மணிக்கு இவ்வளவு வெள்ளி என்று வாடகை கட்டி ஆடுகிறார்கள். நேரம் பணமாகிவிட்டதால், பத்து வயதிலேயே "நீ தற்காப்பு, நீ தாக்குதல்" என்று பிரித்து நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பையன் எப்படியோ பழைய முறையில் வளர்ந்து வந்திருக்கிறான். அவனையும் ஏன் கட்டிப்போட வேண்டும்?

ஜெர்மனியின் பிலிப் லாமைப் பாருங்கள். 2006 உலகக் கிண்ணத்தில் இடப்புறத் தற்காப்பு. பிறகு வலப்புறம். கார்டியோலா பயிற்றுநராகப் பயர்ன் மியூனிக்குக்கு வந்ததும் மத்தியத் திடல். 2014 உலகக் கிண்ணத்தை மத்தியத் திடலில் தொடங்கினார், காலிறுதியில் மறுபடியும் வலப்புறத் தற்காப்புக்குப் போனார், கடைசியில் கேப்டனாகக் கிண்ணத்தைத் தூக்கினார். அவரை ஓட்டை அடைக்கிற ஆள் என்று யார் சொன்னார்கள்?


சிவப்புச் சட்டை எழுதியது:

அக்கா, கையுறை விஷயத்தைப் படித்ததும் எனக்கு ஜான் ஓஷே நினைவுக்கு வந்தார். 2007 பிப்ரவரியில் டோட்டன்ஹாம் திடலில் மான்செஸ்டர் யுனைடெட் 4-0 என்று முன்னால் இருக்கிறது. கோல் காவலர் வான் டெர் சாருக்கு மூக்கு உடைந்துவிட்டது, மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் வாய்ப்பும் தீர்ந்துவிட்டது. தற்காப்பில் ஆடும் ஓஷே கையுறையை மாட்டினார். அயர்லாந்து அணியில் தன்னோடு ஆடும் ராபி கீன் தனியாகப் பந்தோடு வர, காலடியில் பாய்ந்து தடுத்தார். வந்திருந்த ரசிகர்கள் பாட்டுப் பாடியே ஆட்டத்தை முடித்தார்கள்.

இடது, வலது, நடு எல்லாவற்றிலும் ஆடியவர். யுனைடெட்டில் 5 லீக் பட்டங்கள். ஒரே இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட எத்தனை பேருக்கு அது கிடைத்தது? பையன் ஆடும் நிமிடங்கள் கூடினால் போதும், இடம் தானாக வரும்.


கூம்பும் விசிலும் எழுதியது:

ஜெம்போல் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். டவுன் அணிக்கும் எனக்கும் தொடர்பில்லை, அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதலாம்.

இடதுகால் ஐயா, லாம் மத்தியத் திடலுக்கு மாறியபோது அவருக்கு வயது 29. அதற்குள் தற்காப்பில் ஊறிப்போயிருந்தார். ஊறிய பிறகு மாறுவது வேறு, ஊறுவதற்கு முன்பே மாறிக்கொண்டிருப்பது வேறு. ஓஷேயை எடுத்துக்கொண்ட தம்பிக்கும் ஒரு வார்த்தை: அவருக்குப் பின்னால் அந்த அணியில் உலகத் தரத்தில் ஒரு பயிற்சிக் கூட்டமே இருந்தது. நமக்கு இருப்பது வாரத்துக்கு இரண்டு மாலை, அதிலும் ஒன்று இடிமழையில் போய்விடும்.

ரொம்பின் ஆட்டத்தை நான் பார்த்தேன். ஓரத்தில் நிற்பவனுக்குப் பக்கக்கோடு ஒரு பக்கத்தை அடைத்துவிடுகிறது. எதிரி வரும் திசைகள் குறைவு. நடுவில் நிற்பவனுக்கு முதுகுக்குப் பின்னாலிருந்தும் ஆள் வருவான். பந்து வந்து சேரும் முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பையன் நடுவில் ஆடியபோது பந்தை வாங்கிய பிறகுதான் தலையைத் தூக்கினான், அதனால்தான் பந்தைப் பறிகொடுத்தான். வலப்புறத் தற்காப்பில் இருந்தபோது முன்கூட்டியே பார்த்தான். கேப்டனுக்குக் கால் பிடிக்காமல் இருந்திருந்தால் கடைசிவரை அங்கேயே நன்றாக ஆடியிருப்பான்.

தற்காப்பில் கற்க வேண்டியது பந்தை மட்டுமல்ல. நான்கு பேரும் ஒரே நேரத்தில் மேலேறினால்தான் எதிரி அவர்களுக்குப் பின்னால் நின்று ஆஃப்சைடில் மாட்டுவான். பக்கத்தில் நிற்கும் நடுத் தற்காப்பாளர் எப்போது கத்துவார், எப்போது கத்தாமலே ஏறுவார் என்பது கூடவே ஆடி ஆடித்தான் காதில் ஏறும். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்றால் அது வராது.

குணாளனைப் பற்றி அக்கா எழுதியதால் சொல்கிறேன். கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி 2009 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கமும் 2010-இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணமும் வென்றபோது குணாளன் ஓரத் தாக்குதல் ஆட்டக்காரர். பின்னாளில் ஜொகூர் டாருல் தாக்சிம் கழகம் அவரை வலப்புறத் தற்காப்பில் ஆட வைத்தது. 2015-இல் அந்த அணி ஆசியக் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கிண்ணத்தையும் வென்றது. அவர் பின்னால் வந்தார், ஆனால் ஓரத்தை விட்டு வரவில்லை. ஓடும் தூரமும் பார்க்கும் கோணமும் பழகியவை. நம் பையனுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்: தொடக்கத்தில் வலப்புறத் தற்காப்பு, அணி பின்தங்கியிருந்தால் அதே ஓரத்தில் முன்னால் ஏறலாம். மத்தியத் திடலை 20 வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம். கோல் கம்பத்துக்கு நடுவில் அவனை மறுபடியும் நிறுத்தவே கூடாது. விரல் உடைந்தால் அந்த ஆண்டு போனது.


இடதுகால் எழுதியது:

29 வயது என்பதை நான் யோசிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம், தம்பி. ஆனால் நடுவில் ஆடாமல் தோளுக்கு மேல் பார்க்க எங்கே கற்பான்? நீச்சல் தெரிந்த பிறகுதான் ஆற்றில் இறங்க வேண்டும் என்று எங்கள் காலத்தில் யாரும் சொன்னதில்லை. வலப்புறத் தற்காப்பு என்றால் சரி, எதிர்க்கவில்லை. பயிற்சியிலாவது நடுவில் விடுங்கள்.


திடலோரக் கடை எழுதியது:

அண்ணன், பயிற்சியில் விடுவதற்கு யார் வேண்டாம் என்றது? நான் கேட்பது சனிக்கிழமை ஆட்டத்தை.

சிவப்புச் சட்டைத் தம்பி, நிமிடங்கள் கூடினால் போதும் என்கிறாய். நம் பழைய பையனுக்கும் நிமிடங்கள் நிறையத்தான் கிடைத்தன. ஒன்றோடு ஒன்று ஒட்டாத நிமிடங்கள்.

நான் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் பிள்ளைகள் ஏறிப்போக இன்னொரு வாசல் இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி, பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறியது. 2021 மலேசிய சூப்பர் லீக்கில் பி. மணியம் பயிற்றுநராக இருக்க, ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர்கூட இல்லாமல் ஆடினார்கள். அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது யாருடைய பையனும் அங்கே போய்விடலாம் போலத் தோன்றும். 2022 முடிந்ததும் அணி லீக்கிலிருந்து விலகிவிட்டது. இப்போது இருக்கிற வாசல்கள் கொஞ்சம், அவற்றில் நுழையும் வயதும் கொஞ்சம். இளையோர் போட்டிகளுக்கு வயது வரம்பு உண்டு. பையனுக்கு நாம் நினைக்கிற மாதிரி நிறைய நேரமில்லை.

நேற்று மாலை அவனே கடைக்கு வந்தான். நேராகவே கேட்டுவிட்டேன். "எங்கே சொன்னாலும் ஆடுகிறேன், அக்கா" என்றான். நல்ல பிள்ளை சொல்கிற பதில், எனக்குத்தான் பிடிக்கவில்லை. "யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எங்கே போய் நிற்பாய்?" என்று மறுபடி கேட்டேன். வடையைப் பிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் திடலைப் பார்த்தான். "வலது பக்கம், பின்னால். அங்கே நின்றால் எல்லோரும் எனக்கு முன்னால் தெரிகிறார்கள்" என்றான். பயிற்றுநரிடம் சொன்னாயா என்றேன். அவர் கேட்கவில்லையே என்றான்!

கூம்பும் விசிலும் எழுதியதும் பையன் சொன்னதும் ஒன்றாக இருப்பதால், நான் இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பயிற்றுநரிடம் நானே பேசுகிறேன். செயற்குழுவுக்குத் தரும் இலவசத் தேயைப் பற்றியும் அப்போது கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நம் கோல் காவலர் இதைப் படிக்கிறாரா என்று தெரியவில்லை. படித்தால் சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவார் என்று இங்கேயே எழுதட்டும்.


ஆலை ஷிஃப்ட் எழுதியது:

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அக்கா. பையன் தடுத்த அந்த இரண்டாவது பந்தை நான் தடுத்திருக்க மாட்டேன் என்று எல்லோரும் சொல்வது எனக்கும் கேட்கிறது.

சனிக்கிழமைக்கு நண்பரோடு ஷிஃப்டை மாற்றிக்கொண்டேன். நான்கு மணிக்கு வந்துவிடுவேன். கையுறையை இனி அணிப் பையில் போட மாட்டேன், என் மோட்டார் சைக்கிள் பெட்டியிலேயே இருக்கும். வடை இரண்டு எடுத்து வையுங்கள், ஆட்டம் முடிந்த பிறகு.