கிரவுன் புல்லிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கோவை:

நண்பர்களுக்கு வணக்கம். தச்சுப் பயிற்சி மாணவர்களுக்கான கையேட்டில் ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

எங்கள் பட்டறையில் தட்டைப் பெல்ட்டில் ஓடும் பழைய இழைப்பு மெஷின் இருக்கிறது. போன மாதம் அதன் மோட்டார் புல்லியில், அதாவது பெல்ட் சுற்றி ஓடும் சக்கரத்தில், விரிசல் விட்டது. வெளியே புதிதாகக் கடைந்து வாங்கி மாட்டினோம். ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. பெல்ட் ஓரத்துக்கு நகர்ந்து கழன்று விழுந்தது. பழைய புல்லியை எடுத்து, முகத்தின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நடுவில் தொட்டது, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. புதியதில் அந்த மேடு இல்லை. 250 மி.மீ. விட்டத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் மேடு, அவ்வளவுதான்.

இப்படி நடுவில் மேடுள்ளதைப் பட்டறையில் 'கிரவுன் புல்லி' என்போம். கிரவுனை முடி, புல்லியைக் கப்பி என்று கொண்டு முதலில் 'முடிக்கப்பி' என்று எழுதினேன். பையன்கள் மயிரா, மகுடமா என்று கேட்டார்கள். அடித்துவிட்டேன். வேறு சொல் தாருங்கள்.

மதுரை:

ஐயா, பள்ளி இயற்பியலில் குவி ஆடி, குவி வில்லை என்று படித்த பிள்ளைகள்தானே? 'குவிமுகக் கப்பி' என்று எழுதுங்கள். நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதுதான் குவிதல். களத்தில் நெல்லைக் குவித்தால் அப்படித்தான் நிற்கும். குவை, குவியல், மலை உச்சியைக் குறிக்கும் குவடு எல்லாம் இந்த வேரில் பிறந்தவை. கூம்பையும் இதோடு சேர்ப்பேன். என் மனம் 'குவட்டுக்கப்பி'யில்தான் நிற்கிறது, ஆனால் வற்புறுத்தவில்லை.

திருச்சி:

> குவிமுகக் கப்பி

அம்மா, நான் முப்பது வருடமாக மர அறுவை மில்லில் மெஷின் பார்க்கிறவன். குவிமுகம் என்றால் லென்ஸ் மாதிரி உப்பலாக ஒன்றைத்தான் பையன் தேடுவான். முக்கால் மில்லிமீட்டர் கண்ணுக்கே தெரியாது. அப்புறம், கப்பி என்றாலே எங்கள் பக்கம் கிணற்றுக் கப்பிதான். அதில் கயிறு பள்ளத்தில் கிடக்கும். இதில் பெல்ட் மேட்டில் ஏறி உட்காரும். நேர் எதிர். (கப்பி ரோடு என்றால் ஜல்லி என்பது வேறு.) புல்லி என்றே எழுதினால் என்ன குறை?

ஏன் மேட்டில் ஏறுகிறது என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். ஒரு பக்கம் ஒதுங்கிய பெல்ட் சரிவில் படிகிறது. படிந்ததும் புல்லிக்குள் வருகிற பாகம் மேட்டுப் பக்கமாகத் திரும்புகிறது. சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் மேலே ஏறி நடுவுக்கு வந்துவிடும். இது தெரியாமல் ஓரத்தில் தடுப்பு வைத்தார்கள் ஓர் இடத்தில். பெல்ட் தடுப்பின் மேல் ஏறிக் கிழிந்தது. பேண்ட்சாவில், அதாவது நாடா மாதிரி பிளேடு சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரம்பத்தில், சக்கரத்தின் இதே மேடுதான் பிளேடைப் பிடித்து வைக்கிறது. அதற்கும் பொருந்துகிற சொல்லாகப் பாருங்கள்.

யாழ்ப்பாணம்:

'கூன்கப்பி' என்பதே என் முன்மொழிவு. மூன்றே அசையில் சுருக்கமாக வாயில் நிற்கும். யாப்பில் அடிக்குப் புறம்பாக நிற்கும் தனிச்சொல்லையும் கூன் என்றுதான் சொல்கிறோம். அளவுக்கு மேலே துருத்துவது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. 'கூனல்' என்று கொண்டால் கூனற்கப்பி, கூனல்கப்பி இரண்டும் சரி. அல்வழியில் வல்லினம் வந்தால் லகரம் உறழும், அதாவது றகரமாகத் திரிந்தும் திரியாமலும் நிற்கும் என்பது நன்னூல் இலக்கணம். பெல்ற்றுக்கும் 'வார்' என்ற நல்ல சொல் இருக்க, ஏன் பெல்ற்றையே பிடித்துத் தொங்குகிறோம்?

மதுரை:

வார் என்றால் தோல். ரப்பரும் துணியும் சேர்ந்ததை வார் என்பது பொருந்துமா என்று தெரியவில்லை. கூன், குனி என்ற வேரோடு சேர்ந்தது. வளைவைச் சொல்லுமே தவிர உயர்வைச் சொல்லாது.

யாழ்ப்பாணம்:

செருப்பு வார் இன்றைக்கு ரப்பரிலும் வருகிறதே அம்மா. பொருள் மாறினாலும் பெயர் நிற்கும்.

கோவை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று குவிமுகக் கப்பி, கூன்கப்பி இரண்டு சொல்லையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். கூன்கப்பி பையன்களுக்கு உடனே பிடித்துப்போனது. ஆனால் முதுகு வளைந்த மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருக்கிறான். சொல்லைக் கேட்டதும் இரண்டு பேர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்து ஐயா மன்னிக்க வேண்டும், அந்தச் சொல்லை என்னால் அச்சிட முடியாது.

அப்புறம் பழைய புல்லியைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே விரலை ஓட்டச் சொன்னேன். அதே பையன்தான் முதலில், "நடுவுல மேடா இருக்கு சார்" என்றான். 'நடுமேட்டுப் புல்லி' என்று போடுகிறேன். பேண்ட்சாவுக்கு 'நடுமேட்டுச் சக்கரம்'.

திருச்சி:

எனக்குச் சம்மதம். இரண்டு புல்லியில் ஒன்றுக்கு மேடு இருந்தால் போதும், பெரும்பாலும் பெரியதற்கு என்பதையும் சேருங்கள்.

மதுரை:

புல்லி உறுத்துகிறது. நேரமில்லை என்பதால் ஒப்புக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணம்:

காரணத்தை மதிக்கிறேன், அந்தப் பிள்ளைக்காக கூனை விட்டுவிடுகிறேன். வாரை விடமாட்டேன். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.