சங்கம் நடத்தக் காசு: கண்ணகி நகர், பெரும்பாக்கம், எண்ணூர்ப் பக்கத்துக் கணக்குகள்

கண்ணகி நகர், சந்தாக் கணக்கு பார்ப்பவர்:

மறுகுடியமர்வுக் குடியிருப்பில் ஒரு பிளாக் மக்களைச் சங்கமாகத் திரட்டி நிறுத்த ஆகும் செலவு பெரிய தொகை இல்லை. ஆனால் நாள்தோறும் ஆகிற செலவு. ஜெராக்ஸ், டீ, ஷேர் ஆட்டோ, மனு கொடுக்க வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு மதியச் சாப்பாடு. இதற்கென்று எந்த நன்கொடையாளரும் தலைப்பு வைப்பதில்லை. அதனால் முதல் பணம் சந்தாதான். 40 வீடு, மாதம் 20 ரூபாய், மொத்தம் 800. ஒரு கூட்டத்து டீக்கும் இரண்டு தடவை மனு அலைச்சலுக்கும் அது போதும்.

சந்தாவை ஒன்றாம் தேதி கேட்கப் போனால் கதவு திறக்காது. கட்டட வேலைக்குப் போகிற வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம்தான் காசு இருக்கும். ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிற வீட்டில் சம்பளம் ஏறிய பிறகு, அதாவது 7, 8 தேதிக்கு மேல். வீட்டுக்கு வீடு இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால் பாதி வசூல் பிரச்சினை தீரும்.

ரசீது புத்தகம் கார்பன் வைத்தது, வரிசை எண் அச்சடித்தது வேண்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை யார் கையில் போனது என்பதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வசூலிப்பவரும் பொருளாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. "தெரிஞ்சவங்கதானே, ரசீது எதுக்கு" என்று விட்ட இடத்தில்தான் மூன்றாம் மாதம் முணுமுணுப்பு தொடங்கும். மாதக் கடைசியில் வரவு, செலவு, கையிருப்பு என மூன்று வரியைச் சாக்பீஸில் மாடிப்படிச் சுவரில் எழுதிப் போடுங்கள். ஆடிட்டர் அறிக்கையைவிட அதற்கு அங்கே மதிப்பு அதிகம்.

வியாசர்பாடி, பதிவு வேலை பார்ப்பவர்:

ஒருவர் பெயரில் உள்ள கூகுள் பே கியூஆரில் சங்கப் பணம் வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த ஆள் ஊர் மாறினாலும், அவர் கணக்கு முடங்கினாலும் பணம் மாட்டிக்கொள்ளும். இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்குதான் பாதுகாப்பு. அதில் யுபிஐ பெரும்பாலும் கிடைக்காது, செக் எழுதும் சிரமம் உண்டு. அந்தச் சிரமமே ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்வதானால் 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் குறைந்தது 7 பேர் வேண்டும். ஏழு கையெழுத்து ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும், தடங்கல் முகவரியில் வரும். மறுகுடியமர்வுக் குடியிருப்பில் ஒதுக்கீட்டு ஆணை ஒருவர் பெயரில் இருக்கும், வீட்டில் இருப்பவர் வேறொருவர். சங்க முகவரிக்கு ஒதுக்கீடு பெற்றவரே கையெழுத்துப் போடுகிற வீட்டை முதலில் பிடித்துவிட்டுப் பதிவாளர் அலுவலகம் போங்கள்.

பதிந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதைப் படிவம் 7-ல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நான்கைந்து வருஷம் விட்டுவிட்டு ஒரு நிதி வாய்ப்பு வரும்போது ஓடினால், அபராதமும் அலைச்சலும் அந்த நிதியில் பாதியைத் தின்றுவிடும். செலவுப் பக்கம் இரண்டே விஷயம். 5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கினவர் வவுச்சரில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். 12ஏ பதிவு, அதாவது தொண்டு அமைப்பு என்ற வருமான வரி விலக்குப் பதிவு, உள்ள அமைப்பு ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏறாது. ஷாமியானா, மைக் செட்டுக்காரர்கள் ரொக்கம்தான் கேட்பார்கள், முன்கூட்டியே பேசி வங்கி வழியாகக் கொடுங்கள்.

நிதி விண்ணப்பம் எழுதித் தருபவர்:

வெளியிலிருந்து வரும் பணத்தில் சிஎஸ்ஆர், வெளிநாட்டு நிதி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூக வேலைக்குச் செலவிடுவது, 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவில் வருகிறது. குடிசைப் பகுதி மேம்பாடு அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது, ஆகவே வடசென்னைக்குக் கேட்க இடம் உண்டு. ஆனால் வாங்கும் அமைப்புக்கு 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி, மூன்று வருஷ வேலை அனுபவம், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவு எண் எல்லாம் வேண்டும். நேற்று முளைத்த சங்கம் நேரடியாக வாங்க முடியாது. இன்னொன்று, கம்பெனிகளுக்குப் போட்டோ எடுக்கக்கூடிய பொருள் வேண்டும். ஆர்ஓ மெஷின் தருவார்கள், அதன் மெம்ப்ரேன் மாற்றவோ கரண்ட் பில் கட்டவோ தர மாட்டார்கள். விண்ணப்பத்திலேயே இரண்டு வருஷப் பராமரிப்பையும், அதைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர்ப் பெண் ஒருவரின் ஊதியத்தையும் "திட்டச் செலவு" என்று எழுதுங்கள். "நிர்வாகம்" என்று எழுதினால் முதலில் அதைத்தான் வெட்டுவார்கள்.

வெளிநாட்டு நிதி, அதற்கான எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட பிறகு, சின்னச் சங்கங்களுக்குக் கிட்டத்தட்ட மூடிய கதவு. எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள பெரிய அமைப்பு முன்பு அந்தப் பணத்தைத் தெருச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்தத் திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பணம் முதலில் டெல்லி எஸ்பிஐ பிரதானக் கிளையில்தான் இறங்க வேண்டும். சுற்றி வளைத்துக் கொடுக்க யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள், மாட்டுவது வாங்கினவரும்தான். பெரிய அமைப்பு தன் பெயரிலேயே உள்ளூர் ஆளை வேலைக்கு எடுத்து, தன் வவுச்சரிலேயே பஸ் செலவு கொடுத்தால் அது பிரித்துக் கொடுத்தது ஆகாது. அங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஆள் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது. சம்பளம் தருகிற ஆபீசுக்கா, தெருவுக்கா? வேலையில் சேரும்போதே தெருக் கூட்டத்தில் வைத்து எழுதி வாங்குங்கள்.

80ஜி ரசீது கேட்கும் உள்ளூர் நன்கொடையாளர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சங்கடம்.

எண்ணூர், மீனவர் பகுதியில் வேலை செய்பவர்:

பேரிடர் வந்தால் பணம் கொட்டும், மூன்று மாதத்தில் வற்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது அரிசி, பாய், போர்வை குவிந்தன. வலை பாழான வீட்டுக்குத் தேவைப்பட்டதோ வலைக்கான ரொக்கமும் இழப்பீட்டுக்கான ஆவணமும். எந்த வீட்டுக்கு எத்தனை வலை, எத்தனை படகு, எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை என்ற பட்டியலைப் புயல் வருவதற்கு முன்பே வைத்திருக்கிற ஊருக்குத்தான் இழப்பீட்டுப் பேச்சில் பலம். பட்டியல் எடுக்க நோட்டும் பத்து நாள் இரண்டு பேர் நடக்கிற கூலியும்தான் செலவு. இறாலும் நண்டும் கையால் தடவிப் பிடிக்கிற பெண்களைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். படகு வைத்துக் கணக்கெடுத்தால் அவர்கள் விட்டுப்போவார்கள்.

பெரும்பாக்கம் பக்கம்:

மனுவை யாருக்குக் கொடுப்பது என்பது பற்றி ஒரு சின்ன விஷயம் மட்டும். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் மாநகராட்சி. பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சி. அங்கே கேட்கும் இடம் கிராம சபை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே மார்ச் 22, நவம்பர் 1. மாநகராட்சிப் பக்கம் என்றால் வார்டு அலுவலகமும், வார்டுக்குள் மக்கள் கூடும் பகுதி சபையும். நான்கைந்து கிலோமீட்டர் இடைவெளியில் மனுவின் "பெறுநர்" மாறுகிறது. ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு இடத்திலும் கொடுத்தால் ஒன்று கிடப்பில் போகும். வீடு, படிக்கட்டு, லிஃப்ட் பழுது என்றால் இரண்டுமே இல்லை, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். லிஃப்ட் நின்ற தேதி, பிளாக் எண், முந்தைய புகார் எண் மூன்றும் மனுவில் இல்லாவிட்டால் "பார்க்கிறோம்" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு. அந்தப் பத்து ரூபாயையும் சந்தாக் கணக்கில் எழுதுங்கள்.

கண்ணகி நகர், மறுபடியும்:

கூட்டம் வெட்டவெளியில் என்றால் சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவின் கீழ் ஐந்து நாள் முன்பே ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும். மனு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிய பிறகே ஷாமியானாவுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். அனுமதி கிடைக்காமல் போனால் அந்த அட்வான்ஸ் திரும்பாது.