சென்னை–மதுரை: விமானமா, காரா?

கேள்வி: அகமதாபாத் விபத்துக்கு அப்புறம் வீட்டில் விமானம் என்றாலே பயப்படுகிறார்கள். காரில் போவதுதான் பாதுகாப்பா?

வழிப்போக்கன்: இல்லவே இல்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தினமும் நடப்பதால் அது தலைப்புச் செய்தி ஆவதில்லை.

ரன்வே: மொத்த எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவது சரியல்ல, காரில் போகிறவர்கள் பல மடங்கு அதிகம். கிலோமீட்டர் கணக்கில் பாருங்கள். விமான ஆபத்து பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான், காரில் வழிநெடுக. அதனால் குறுந்தூரத்தில் வித்தியாசம் சுருங்கும். ஆனாலும் விமானமே மேல்.

நாலுவழிச்சாலை: காரில்தான் என்றால் பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். போடாதவர் மோதலில் முன்சீட்டுக்காரரையும் நசுக்குவார். பின்னிரவு 2 முதல் 5 மணி வரை ஓட்டாதீர்கள். கண் அசரும் நேரம், ஓரம் நிற்கும் லாரியும் தெரியாது. டயர் காற்றைக் கிளம்பும் முன்பே, டயர் சூடாகாதபோது பாருங்கள். காற்று குறைந்தால் சூடேறி வெடிக்கும்.