தையல் கடையில ஒரு புத்தக அலமாரி: படிச்சா தள்ளுபடி கொடுக்கலாமா?

கரிசல்தையல்:

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டியில லேடீஸ் டெய்லரிங் கடை வச்சிருக்கேன். ஒரே ரூம்தான், ரெண்டு மெஷின், ஒரு ஓவர்லாக். எங்கிட்ட தைக்கக் கொடுக்குறவங்கள்ல நிறையப் பேர் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்குற அக்காமார். சாயங்காலம் வேலை விட்டதும் அளவு ஜாக்கெட்டும் கையுமா வருவாங்க, கூடவே பிள்ளைகளும் வரும். போட்டுப் பார்த்து, பிடிச்சு, கொக்கி வச்சுக் கொடுக்க நேரமாகும். அதுவரைக்கும் பிள்ளைக அம்மா போனை வச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்திருக்கும்.

போன மாசம் நாலாப்பு படிக்கிற பிள்ளை ஒண்ணு போனை விட்டுட்டு, சுவத்துல ஆணியில தொங்குன பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஜாக்கெட்டுக்கு அளவு வெட்டி வச்ச பழைய தினசரி அது. யானைக்குட்டி ஒண்ணு பள்ளத்துல விழுந்துட்டதா ஏதோ செய்தி. கை சேர்க்குற வளைவுல பேப்பரை வெட்டியிருந்ததால பாதி வரியோட நின்னுபோச்சு. "அத்தை, மீதி எங்க? குட்டியைத் தூக்கிட்டாங்களா?"னு கேட்டுச்சு. வெட்டுன மிச்சத்தையெல்லாம் குப்பையில கிளறித் தேடினேன், கிடைக்கலை.

அதுல இருந்து எனக்கு வேற நினைப்பே இல்ல. தூத்துக்குடி மில்லர்புரத்துல சலூன் வச்சிருக்குற பொன்.மாரியப்பன் அண்ணனைப் பத்தி உங்கள்ல நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எட்டாவதுக்கு மேல படிக்க வசதியில்லாம கத்திரி பிடிச்சவர், கடைக்குள்ளயே நூலகம் வச்சாரு. காத்திருக்குற நேரத்துல புத்தகம் படிக்கிறவங்களுக்குக் கூலியில தள்ளுபடி. 2020 அக்டோபர்ல பிரதமர் மன் கி பாத்ல அவர்கிட்ட தமிழ்லயே ரெண்டு வார்த்தை பேசினாரு. நானும் ஒன்பதாவதோட நின்னவதான். எங்க மாவட்டத்துல ஒருத்தர் கத்திரியை வச்சுக்கிட்டே இதைச் செஞ்சிருக்காருன்னா, எங்கிட்டயும் கத்திரி இருக்கு.

நான் கேக்குறது இதுதான். நானும் தள்ளுபடி கொடுக்கலாமா? ஜாக்கெட்டுக்குப் பத்து ரூபா குறைச்சா தாங்கும்னு நினைக்கிறேன். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்து விடலாமா, கடையிலயே படிக்கச் சொல்லலாமா? எங்க நாத்தனார், "புத்தகமும் திரும்பாது, வாடிக்கையும் கெடும்"ங்குறாங்க. எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கணும்னும் சொல்லுங்க.

ஓய்வுநூலகர்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தள்ளுபடி வேண்டாம். மாரியப்பன் செய்தது அவர் கடைக்குச் சரி. சலூனில் முடிவெட்டிக்கொள்பவரும் காசு கொடுப்பவரும் படிப்பவரும் ஒரே ஆள். போனில் மூழ்கியிருக்கும் இளைஞனை அதிலிருந்து பிரிக்க அந்தச் சலுகை உதவும். உங்கள் கடையில் படிக்கப்போவது பிள்ளை, காசு கொடுப்பது அம்மா. பத்து ரூபாய் குறைகிறது என்றால், நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்து வந்த அந்த அம்மா, "படிடி, படிடி" என்று பிள்ளையை விரட்டத்தான் செய்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது, பத்து ரூபாய் அவளுக்குப் பெரிது. ஆனால் யானைக்குட்டி என்ன ஆனது என்று தானாகக் கேட்ட பிள்ளைக்கு அப்புறம் படிப்பது கூலி வேலை ஆகிவிடும். அந்தக் கேள்வியைக் கெடுத்துவிடாதீர்கள்.

அந்தப் பத்து ரூபாயைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வாருங்கள். மாதக் கடைசியில் புத்தகம் வாங்குங்கள்.

அடுத்தது, வீட்டுக்குக் கொடுப்பது. கண்டிப்பாகக் கொடுங்கள். எங்கள் துறைக்குத் தகப்பனார் போன்ற சீர்காழி ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. பூட்டி வைத்துக் காவல் காப்பதுதான் நூலகர் வேலை என்று நினைத்திருந்த காலத்தில் அதைச் சொன்னார். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். வண்டி பூட்டி வீட்டு வாசலுக்கே புத்தகம் கொண்டுபோனார்கள். உங்களிடம் வாசகர்கள் தாமாகவே வந்து உட்காருகிறார்கள், எவ்வளவு பெரிய வாய்ப்பு!

ஒரு நோட்டில் தேதி, பிள்ளை பெயர், புத்தகத்தின் பெயர், இவை போதும். அபராதம் வேண்டவே வேண்டாம். அபராதத்துக்குப் பயந்து நூலகம் பக்கமே வராமல் போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். புத்தகம் போனால்கூட வாங்கிவிடலாம். பயந்துபோன பிள்ளையைத் திரும்பக் கூட்டிவருவது கஷ்டம்.

டீக்கடைபெஞ்ச்:

அக்கா, நான் திண்டுக்கல் பக்கம் டீக்கடை. ரெண்டு தட்டு அலமாரி வச்சிருக்கேன். ஐயா சொன்னதோட என் அனுபவத்துல கொஞ்சம்.

அலமாரியை உசரத்துல மாட்டிராதீங்க. பிள்ளை இடுப்பு உசரத்துல இருக்கணும், அட்டை முகம் வெளிய தெரியணும். முதுகு மட்டும் தெரியுற மாதிரி அடுக்கினா சின்னப் பிள்ளைக தொடவே தொடாது. உங்ககிட்ட துணி இருக்கு, கம்பு இருக்கு. திரைச்சீலைத் துணியில வரிசையா பை தச்சு சுவத்துல தொங்க விடுங்க, ஆசாரி செலவே இல்ல.

கிழியும். கிழிஞ்சதுன்னு திட்டாதீங்க, அந்தப் பிள்ளையவே உட்கார வச்சு ஒட்டச் சொல்லுங்க. எங்க கடையில ஒட்டிக் கொடுத்த பயலுகதான் இப்ப புத்தகத்துக்கெல்லாம் காவல்.

அம்மாக்களையும் மறந்துராதீங்க. குடும்ப நாவல், சமையல், கோலப் புத்தகம், வாரப் பத்திரிகை ஒரு கட்டு வைங்க. அம்மா ஒரு பக்கம் புரட்டுறதைப் பார்த்தாலே பிள்ளை தானா எடுக்கும்.

உங்க நாத்தனார் பயம் எனக்குப் புரியுது. எங்க அப்பாவும் அதையேதான் சொன்னாரு. கணக்குப் பார்த்தா சில புத்தகம் திரும்பலைதான். வாடிக்கை எதுவும் போகலை.

மாலைவகுப்பு:

தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். புத்தகத் தேர்வு பற்றி மட்டும் எழுதுகிறேன். நாலாம் வகுப்பு என்றதும் நாலாம் வகுப்புக்கான புத்தகம் தேடாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்துக்கு ரெண்டு வரி, பெரிய எழுத்து, பெரிய படம் வேண்டும். ஒரு புத்தகத்தை முழுசாக முடித்தேன் என்கிற சந்தோஷம் முதலில் அதற்குக் கிடைக்கட்டும்.

பள்ளிக்கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக இருக்கும். பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், எந்தப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று பிடிபடும். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் இரண்டிலும் குறைந்த விலையில் குழந்தைப் புத்தகங்கள் உண்டு. துளிகா புத்தகங்களில் படங்கள் அழகாக இருக்கும். அறிவியலில் ஆசை இருக்கிற பெரிய பிள்ளைகளுக்குத் துளிர் மாத இதழ். காசே இல்லாத மாதத்தில் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுத்து, உங்கள் மெஷினிலேயே நடுவில் ஒரு தையல் போட்டுவிடுங்கள், புத்தகம் தயார்.

முக்கியமான ஒன்று: "என்ன புரிஞ்சுது, சொல்லு" என்று கேட்காதீர்கள். அதை நாங்கள் பள்ளியில் போதுமான அளவு கேட்கிறோம். பிள்ளை தானாக வந்து சொன்னால் மிஷினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

ஓய்வுநூலகர்:

மாலைவகுப்பு டீச்சர் சொன்ன கடைசி விஷயத்தை நான் அப்படியே வழிமொழிகிறேன்.

ஸ்ரீவைகுண்டம் கல்லூரி நூலகர் பாலம் கல்யாணசுந்தரம் ஐயாவையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது, அவரும் உங்கள் மாவட்டத்தில் வேலை பார்த்தவர்தான். வேலை பார்த்த காலமெல்லாம் சம்பளத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தன் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்தவர். 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைப் போல எல்லாவற்றையும் கொடுக்க எத்தனை பேரால் முடியும்? அவரைப் பார்த்து மலைத்துப்போய், நம்மால் ஆகாது என்று ஒதுங்கியவர்களை எனக்குத் தெரியும். மாரியப்பன் விஷயம் அப்படியில்லை. தொழிலை விடவில்லை, கடையை மாற்றவில்லை, காத்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றினார். அதைப் பார்த்ததும் நமக்கும் கை துறுதுறுக்கிறது. அதனால்தான் நீங்கள் அவரைப் பிடித்துக்கொண்டது எனக்கு நிறைவாக இருக்கிறது.

கரிசல்தையல்:

ஐயா, தம்பி, டீச்சர், மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. நீங்க எழுதினதையெல்லாம் எங்க நாத்தனாருக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசலை, ஆனா அவங்க மகனோட பழைய படக்கதைப் புத்தகம் ஒரு கட்டு பரண்ல கிடக்குன்னு எடுத்துக் கொடுத்தாங்க.

தள்ளுபடி இல்லன்னு முடிவு பண்ணிட்டேன். அந்த அம்மா பிள்ளையை விரட்டுவாங்கன்னு ஐயா எழுதினது நெஞ்சுல தச்சுருச்சு, எங்கம்மாவும் அப்படித்தான் விரட்டியிருப்பாங்க. சோபா கவர் தச்சதுல மிஞ்சுன கெட்டித் துணி இருக்கு, பை அதுல தைக்கிறேன், மேல ரெண்டு தையல் கூடுதலாப் போட்டாத்தான் கனம் தாங்கும். தீபாவளி நெருக்கடி வர்றதுக்கு முன்னாடி மாட்டிரணும்.

டீச்சர், ஒரே ஒரு கேள்வி. யானைக்குட்டி கதை ஏதாவது, பக்கத்துக்கு ரெண்டு வரி இருக்குற மாதிரி, ஸ்டோரிவீவர்ல இருக்கா? அந்தப் பிள்ளையோட அம்மா சனிக்கிழமை ஜாக்கெட் வாங்க வர்றாங்க.

மாலைவகுப்பு:

தேடும் இடத்தில் மொழியைத் தமிழ் என்று வைத்து "யானை" என்று தட்டுங்கள், நிறைய வரும். முதல் படி, இரண்டாம் படி என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். ரெண்டு மூணு அச்செடுத்து வையுங்கள், எது வேண்டும் என்று அவளே எடுத்துக்கொள்ளட்டும்.