குச்சியா, குளிசையா? தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன்

விசுவமடு அக்கா:
தங்கச்சி ரொறன்ரோவில் இருக்கிறாள். 18 கிழமைக் கர்ப்பம். செவ்வாய்க்கிழமை ஸ்கேனில் பிள்ளைக்கு இதயத்துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மயக்கம் கொடுத்து எடுக்கப் போகிறார்களாம். முதல் நாள் கருப்பை வாயில் குச்சி வைத்து வீட்டுக்கு அனுப்புவார்களாம். ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தேன். குச்சி என்று கேட்டதும் அம்மா புளி கரைத்த கையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டா. கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துச் செத்துப்போன ஒரு பெண்ணை அவவுக்குத் தெரியும். "குளிசை தரச் சொல்லு" என்று ஒரே அழுகை. தங்கச்சியும் இப்போது பயந்துபோனாள். முதல் பிள்ளை சிசேரியன். எது நல்லது?

வவுனியா, ஓய்வுபெற்ற தாதி:
பிள்ளை, முதலில் அம்மாவை இருத்திச் சொல்லுங்கோ, இது அந்தக் குச்சி இல்லை. லாமினேரியா என்பது காயவைத்த கடற்பாசித் தண்டு, நெருப்புக்குச்சி மாதிரி மெல்லியது, கிருமி நீக்கி வருவது. டிலப்பான் என்று செயற்கையாகச் செய்ததும் உண்டு. ஊறப்போட்ட கடலை மாதிரி உடம்பின் ஈரத்தை இழுத்து மெல்ல மெல்லப் பருத்துக் கருப்பை வாயை விரிக்கும். கடற்பாசிக்கு ஓர் இரவு வேண்டும், டிலப்பானுக்குச் சில மணித்தியாலம் போதும்.

மிசோபுரோஸ்டோல் குளிசை மூன்று நாலு மணித்தியாலத்தில் வாயை இளக்கும், அன்றே வேலை முடியும். ஆனால் நடுக்கம், காய்ச்சல், வயிற்றோட்டம் வரலாம். 12, 13 கிழமை என்றால் அதுவே போதும். 18 கிழமையில் வாய் நன்றாக விரிய வேண்டும், அதற்குக் குச்சிதான் கைகொடுக்கும். சில இடங்களில் வாய் இளக முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோன் என்ற குளிசை 200 மில்லிகிராமும் கொடுப்பார்கள். விரியாத வாய்க்குள் கருவியை விட்டால் கிழியலாம், கருப்பையில் துளை விழலாம். அடுத்த பிள்ளையைத் தாங்கப்போவதும் அதே வாய்தான், பிள்ளை.

சிசேரியன் தழும்பை டொக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இரத்தம் நெகட்டிவ் என்றால் 72 மணித்தியாலத்துக்குள் அன்ட்டி-டி ஊசி போட வேண்டும், அடுத்த பிள்ளைக்குப் பாதிப்பு வராமல் இருக்க.

பரந்தன்:
லண்டனில் இருந்தபோது எனக்கும் 17 கிழமையில் இதே குச்சிதான் வைத்தார்கள். வைக்கும்போது மாதவிடாய் வலி மாதிரி இறுக்கிப் பிடித்தது. இரவு சுடுதண்ணீர்ப் போத்தலை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு படுத்தேன். தங்கச்சிக்குப் பக்கத்தில் யாராவது இருக்கட்டும். தண்ணீர்க்குடம் உடைந்தால், இரத்தம் கொட்டினால், காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கோல் அடிக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பால் சுரந்தது. சட்டை நனைந்ததைப் பார்த்துத்தான் நான் உடைந்துபோனேன். அவளுக்கு முன்பே சொல்லி வையுங்கோ.

விசுவமடு அக்கா:
கடலைக் கதையை அம்மாவிடம் சொன்னேன். "கடற்பாசியோ?" என்று இரண்டு தரம் கேட்டா. தங்கச்சி ஓ நெகட்டிவ், ஊசியைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டேன். பால் விஷயத்தை அம்மாவே சொல்லுகிறாவாம். அங்கே இரவு என்றால் எங்களுக்குப் பகல். குச்சி வைத்த இரவு முழுக்க வீடியோவில் இருக்கப்போகிறா. முற்றத்தில் காயும் நெல்லை நான் பார்த்துக்கொள்கிறேன்.