ஆபீசில் பூட்டிய கடப்பிதழ், சம்பளத்தில் லெவி: என்ன செய்யலாம்?

மணி, சுங்கை சிப்புட்:
பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வங்காளதேசத் தொழிலாளர்களின் கடப்பிதழை (பாஸ்போர்ட்) ஆபீசில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டில் மாதாமாதம் 'லெவி' (வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் வரி) பிடித்தம் வேறு. சட்டம் இதற்கு இடம் தருகிறதா?

ரேவதி:
இரண்டுமே தப்பு, அண்ணே. அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது மலேசியாவின் 1966 கடப்பிதழ் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றம். 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. "பத்திரத்துக்காக" என்பார்கள். பெட்டிச் சாவி தொழிலாளி கையில் இருந்தால்தான் அது பத்திரம். லெவியை 2018 முதல் முதலாளிதான் கட்ட வேண்டும்.

செல்வம்:
புகாருக்கு முன் ஆதாரம் சேருங்கள். சம்பளச் சீட்டு, வேலை பெர்மிட், வெட்டிய குலைக் கணக்கு எல்லாவற்றையும் படமெடுத்து ஊரில் இருக்கும் வீட்டாருக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்; கைப்பேசியைப் பிடுங்கினாலும் அங்கே இருக்கும். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் எவ்வளவு, யார் வாங்கினார் என்றும் எழுதி வையுங்கள். கடன் நெருக்கடிதான் அவர்களைக் கட்டிப்போடுகிறது.

பிறகு தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். கட்டாய உழைப்பு என்றால் 1955 வேலைச் சட்டத்தின் 90பி பிரிவு, 2023 முதல் அமலில் உள்ளது. 1 லட்சம் வெள்ளி வரை அபராதம்.

ரேவதி:
முக்கியமானது ஒன்று: புகார் பதிவாகும்முன் யாரும் தோட்டத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. 'ஓடிவிட்டார்' என்று நிர்வாகம் குடிநுழைவு இலாகாவில் எழுதிக் கொடுத்தால் பெர்மிட் போய்விடும். அப்புறம் பிடிபடுவது தொழிலாளிதான்.