997 ஒப்புகை போயாச்சு, ஆர்டர் மட்டும் ஈஆர்பியில் இல்லை. எங்கே தேட?

இரண்டாம்ஷிப்ட்:
வணக்கம். எங்கள் ஈஆர்பியான எஸ்ஏபி (ஆர்டர், கிடங்கு, கணக்கு எல்லாம் ஓடும் மென்பொருள்) சப்போர்ட்டுக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. ஈடிஐ (வாடிக்கையாளர் கணினியிலிருந்து ஆர்டர் நேரடியாக நம் கணினிக்கு வரும் ஏற்பாடு) பார்த்துக்கொண்டிருந்தவர் போன மாதம் வேலையை விட்டுவிட்டார். அவர் விட்டுச்சென்ற சொத்து ஒரு பக்கக் குறிப்பும் ஒரு பாஸ்வேர்டும்தான். அந்தப் பொறுப்பு இப்போது என் தலையில்.

நேற்று ஒரு வாடிக்கையாளர் போனில் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை 850 (ஆர்டர் ஃபைல்) அனுப்பினாராம். பத்தே நிமிஷத்தில் நம் பக்கத்திலிருந்து 997 போயிருக்கிறது, அதில் 'ஏ' (ஏற்கப்பட்டது) என்று தெளிவாக இருக்கிறது. "ஏற்றுக்கொண்டோம்னு சொல்லிட்டு ஆர்டரே இல்லைன்னா எப்படி?" என்கிறார். நியாயமான கேள்வி. அந்த பிஓ (வாடிக்கையாளரின் கொள்முதல் ஆர்டர்) நம்பரில் சேல்ஸ் ஆர்டர் எதுவும் இல்லை. டிரான்ஸ்லேட்டர் (ஈடிஐ ஃபைலை எஸ்ஏபிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) லாகில் எல்லாம் பச்சை. மேனேஜர், "அந்த ஃபைலையே மறுபடி உள்ளே தள்ளு" என்கிறார். தள்ளலாமா?

பழையஐடாக்:
தள்ளாதீங்க. எஸ்ஏபியில் டபிள்யூஇ02 திரையில் செவ்வாய்க்கிழமை தேதி போட்டு, உள்வரும் ஆர்டர்ஸ் ஐடாக்குகளை (டிரான்ஸ்லேட்டர் மாற்றிக் கொடுக்கும் எஸ்ஏபி ஆவணங்கள்) பாருங்க. 51-ல் (பிழையால் ஆர்டராகப் பதிவாகாத நிலை) நிற்கும்.

இரண்டாம்ஷிப்ட்:
51-தான் சார். ஒன்றல்ல, ஏழு! எல்லாம் அதே வாடிக்கையாளர், எல்லாவற்றிலும் அளவு அலகு சரியில்லை என்ற பிழை. அப்புறம் 997-ல் எப்படி 'ஏ' போச்சு?

பழையஐடாக்:
இதில் தடுக்கி விழாதவர் யாரும் இல்லை, நானும் விழுந்திருக்கிறேன். 997-ஐ அனுப்புவது உங்கள் எஸ்ஏபி இல்லை, டிரான்ஸ்லேட்டர். அது பார்ப்பது இலக்கணம் மட்டும்: கட்டாயச் செக்மென்ட் (ஃபைலின் வரிகள்) எல்லாம் இருக்கிறதா, முடிவு வரியான எஸ்இ-யில் சொன்ன எண்ணிக்கை சரியா, கோடு எக்ஸ்12 (850, 997 எல்லாம் அடங்கிய ஈடிஐ தரம்) பட்டியலில் உள்ளதா. அது சரியென்றால் 'ஏ'. அந்தப் பொருள் உங்களிடம் இருக்கிறதா, விலை பொருந்துகிறதா என்றெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது.

ஃபைல் ஏஎஸ்2-வில் (இணையம் வழியாக ஈடிஐ அனுப்பும் முறை) வந்தால் எம்டிஎன் என்று இன்னொன்றும் போகும். அது இன்னும் கீழே: ஃபைல் சிதையாமல் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். எம்டிஎன் என்பது கவர் கைக்கு வந்தாச்சு. 997 என்பது பிரித்தேன், கையெழுத்து புரிகிறது. "நீங்கள் கேட்டதை இந்தத் தேதியில் தருகிறோம்" என்று சொல்வது 855. உங்கள் வாடிக்கையாளர் 997-ஐ 855 என்று நினைத்துவிட்டார். எடிஃபாக்ட் (இன்னொரு ஈடிஐ தரம்) பக்கமும் இதே கதைதான், கான்ட்ரல் வேறு, ஆர்டர்எஸ்பி வேறு.

ஃபைலை மறுபடி தள்ளினால் என்ன ஆகும்? ஃபைலின் தலைப்பு வரியில், ஐஎஸ்ஏ13-ல், அதே கன்ட்ரோல் நம்பர் இருப்பதால் பெரும்பாலான டிரான்ஸ்லேட்டர்கள் நகல் என்று நிறுத்திவிடும். உடனே ஒரு புத்திசாலி அந்த ஒன்பது இலக்க எண்ணைக் கையால் மாற்றி உள்ளே விடுவார். புதிதாக ஏழு ஐடாக் பிறக்கும். பிறகு மேப்பிங்கை (அவர்கள் கோடு நம் கோடாக மாறும் விதி) சரிசெய்து, பழைய 51-களையும் யாராவது ஓட்டுவார்கள். பதினாலு ஆர்டர். நான் பார்த்த இடத்தில் லாரி கிளம்பிய பிறகுதான் தெரிந்தது.

பிழையைச் சரிசெய்துவிட்டு, அதே ஐடாக்குகளை பிடி87-ல் (ஐடாக்கை மறுபடி ஓட்டும் திரை) ஓட்டுங்க.

இன்னொன்று. டபிள்யூஇ20-யில் அந்தப் பார்ட்னர் புரொஃபைலை (அந்த வாடிக்கையாளருக்கான ஈடிஐ அமைப்பு) திறந்து, பிழை வந்தால் யாருக்குச் செய்தி போகிறது என்று பாருங்க.

கிடங்குக்கணக்கு:
நடுவே ஒரு வார்த்தை. அலகுப் பிழை என்றதும் வயிறு கலங்குகிறது. எங்களிடம் ஒருவர் 'சிஏ' (கேஸ்) வந்தால் 'இஏ' (பீஸ்) என்று மாற்றும்படி மேப்பிங்கில் ஒரு வரி போட்டுப் பிழையை "தீர்த்தார்". 51 மறைந்தது. பத்து கேஸ் கேட்டவருக்குப் பத்து பீஸ் போனது. கேஸ் என்றால் உங்கள் கேஸ் யூனிட்டுக்கே மேப் பண்ணுங்க. மெட்டீரியல் மாஸ்டரில் (பொருளின் விவரப் பதிவு) ஒரு கேஸுக்கு எத்தனை என்ற மாற்று அலகும் இருக்கணும். அதை எண்ணிப் பார்க்காமல் ஓட்டாதீங்க.

இரண்டாம்ஷிப்ட்:
'சிஏ'தான்! இத்தனை நாளும் 'இஏ' அனுப்பியவர்கள் செவ்வாயிலிருந்து கேஸுக்கு மாறியிருக்கிறார்கள், யாருக்கும் சொல்லவில்லை. மெட்டீரியல் மாஸ்டரில் 12 என்று இருந்தது. கிடங்கில் ஒரு பெட்டியைப் பிரித்து எண்ணச் சொன்னேன், 12-தான். டெஸ்டில் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு பிடி87-ல் விட்டேன். ஆறு ஐடாக் 53 (ஆர்டராகப் பதிவாகிவிட்டது).

ஏழாவதை ஓட்டவில்லை. வாடிக்கையாளர் பொறுக்காமல் அந்த ஆர்டரை மெயிலிலும் அனுப்ப, விற்பனைப் பிரிவில் ஒரு அக்கா நேற்று மாலையே கையால் ஏற்றிவிட்டார். நல்லவேளை, பிஓ நம்பரை வைத்துத் தேடியதில் மாட்டியது. அந்த ஐடாக்கை 68 (இனி ஓட்ட வேண்டாம்) ஆக்கிவிட்டேன்.

பழையஐடாக் சார், டபிள்யூஇ20-யும் பார்த்தேன். பிழைச் செய்தி எல்லாம் வேலையை விட்டுப்போனவரின் ஐடிக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஒரு பார்ட்னருக்கு மட்டுமல்ல, முப்பத்தொரு பார்ட்னருக்கும். மாற்றிக்கொண்டிருக்கிறேன், பதினெட்டாவதில் நிற்கிறேன். 855 அனுப்ப ஆரம்பிக்கலாமா என்று வாடிக்கையாளரே கேட்கிறார். அதற்குத் தனி இழை போடுகிறேன்.